காலையில் மட்டும் நிற்கும் மோட்டார்

ஊரில் அவனுக்கு டிரம் என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஆற்றில் ஓடுகிற படகுகளின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். கொட்டகைக்கு நடுவில், வாயை அறுத்தெடுத்த இருநூறு லிட்டர் டிரம் ஒன்று கழுத்துவரை தண்ணீரோடு நிற்கும். அதன் விளிம்பில் ஒரு கனத்த பலகை. சரி செய்த மோட்டாரைப் பலகையில் மாட்டி, விசிறியைத் தண்ணீருக்குள் இறக்கி, கயிற்றைச் சுண்டி இழுப்பான். டிரம்முக்குள் தண்ணீர் குதியாட்டம் போடும். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று இப்படி, அரைக்கால் சுற்று அப்படி என்று திருப்புவான். கடைசியில் தலையை ஒரு ஆட்டு ஆட்டினான் என்றால், அந்த மோட்டாருக்கு ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.

இவ்வளவு கெட்டிக்காரனுக்கு ஏன் டிரம் என்று பேர் வைத்தார்கள் என்றால், அந்த டிரம் தண்ணீரோடு சரி, அவன் படகில் ஏறியதே கிடையாது. பதினெட்டு வருஷமாகப் படகு மோட்டாரிலேயே சாப்பிடுகிறவன், ஒருநாளும் படகில் கால் வைத்ததில்லை. சின்ன வயதில் ஆற்றில் விழுந்தான், யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள் என்று அதற்கு ஒரு கதை இருக்கும் என நினைத்தால் ஏமாந்துதான் போக வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பயம், அவ்வளவுதான். பாம்பைக் கண்டு பயப்படுகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவன் படகு மோட்டார் மெக்கானிக்காக இருந்தால் மட்டும் ஊருக்கு அது பெரிய வேடிக்கை.

அப்படிப்பட்டவனுக்குப் பெண் வாய்த்த இடம் படகுக்கார வீடு. மாமனார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. அவர் போன பத்தாம் நாள் மாமியார் துடுப்பைக் கையில் எடுத்தார். எதிர்க்கரையில் ஒரு தையல் ஆலை இருக்கிறது. பாலத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். படகில் போனால் பன்னிரண்டு நிமிஷம். ஆலைக்குப் போகும் ஆறு பெண்களைக் காலை ஏழு மணிக்குள் அங்கே இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவார். துறைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் ஆற்றைப் பார்த்தபடி. தன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லி மகள் கூப்பிடாத நாளில்லை. அவர் போன நாளும் இல்லை.

மாமியாருக்கும் மருமகனுக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட வேண்டுமானால் பேச வேண்டுமே. சம்பந்தம் பேசின நாளிலேயே, 'ஆத்துல இறங்கப் பயப்படுறவனுக்கா என் பொண்ணு' என்று மாமியார் யாரிடமோ சொல்ல, அந்தச் சொல் மறுநாள் பொழுது விடிவதற்குள் அவன் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கும், கேட்டிருக்க வேண்டாம் என்று அவனுக்கும் தோன்றி, பதினோரு வருஷமாக ஒரே மரியாதை. "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை", "வர்றேன் மாப்பிள்ளை". இந்த மூன்றுக்கும் அவனிடம் "வாங்க அத்தை", "ஆச்சு அத்தை", "சரி அத்தை" என்று மூன்று பதில். இதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் அவன் மனைவி இருந்தாள். கொட்டகையின் முன்பக்கத்தில் உதிரிபாகம் விற்கிறவள் அவள்தான். வாஷர் கேட்டு வருகிறவனுக்கு வாஷரோடு நாலு புத்திமதியும் சேர்த்துக் கொடுக்கிற வாய்.

மாமியாரின் மோட்டார் அரதப் பழசு. மூன்று குதிரைத்திறன், பெட்ரோல் தொட்டி தலைமேலேயே உட்கார்ந்திருக்கும் ஜாதி. போன மழைக்காலத்தில் தொட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, மோட்டார் இருமிக்கொண்டு வந்து சேர்ந்தது. தண்ணீரை வடித்து, தொட்டியைத் துடைத்து, மூடிக்குப் புது வாஷர் போட்டு அனுப்பினான். சரியாகிப் போனது. அதோடு விட்டிருக்கலாம்; மனைவி வழியாக ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்பினான். பத்தே நாளில் புது வியாதி ஆரம்பித்தது.

"அம்மா மோட்டார் நடு ஆத்துல நின்னுடுதாம்" என்றாள் மனைவி.

"நின்னா கிளம்பலையா?"

"கொஞ்ச நேரம் கழிச்சுக் கிளம்பிடுதாம். அதுக்குள்ள படகு கீழ போயிடுது, ஆலைக்குப் போறவங்களுக்கு நேரமாயிடுது."

அவன் சிரித்தான். இதெல்லாம் ஒரு வியாதியா. கார்புரேட்டரைக் கழற்றினான். பெட்ரோலைக் காற்றோடு கலந்து மோட்டாருக்குக் கொடுக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான் அது. அடியில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழும்பி ஊசியைத் தூக்கி வழியை அடைக்கும். குறைந்தால் தாழ்ந்து வழி விடும். கிண்ணத்திலிருந்து மோட்டார் பெட்ரோலை உறிஞ்சுகிற துவாரத்தில் ஒரு தலைமுடிதான் நுழையும். கிண்ணத்தின் அடியில் பச்சையாக ஒரு படலம் படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குப் பரம சந்தோஷம். ஒயரிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவித் துவாரத்தில் விட்டு எடுத்தான், வாய் வைத்து ஊதினான், பெட்ரோல் கசப்பைத் துப்பினான், மாட்டினான். டிரம்மில் முக்கால் மணி நேரம் ஓடவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக ஓடியது. மறுநாள் காலை நடு ஆற்றில் நின்றது.

இரண்டாவது தடவை மிதவையின் உயரத்தைச் சரி செய்தான். மூன்றாவது தடவை ஊசியை மாற்றினான். நாலாவது தடவை கார்புரேட்டர்மேல் இருந்த சந்தேகமே போய், பிளக்கையும் தீப்பொறிச் சுருளையும் மாற்றினான். ஐந்தாவது தடவை, செத்துப்போன வேறொரு மோட்டாரிலிருந்து முழுக் கார்புரேட்டரையே பிடுங்கி இதற்குப் போட்டான். ஒவ்வொரு தடவையும் டிரம்மில் அது ஓடிய அழகைப் பார்க்க வேண்டுமே, கண் பட்டுவிடும். ஆற்றில் இறங்கினால் ஆளே வேறு.

தலையைச் சுற்ற வைத்தது இன்னொன்று. காலையில் போகும்போது மட்டும்தான் நிற்கிறது. சாயங்காலம் ஒருநாள்கூட நின்றதில்லை. அதே ஆறு, அதே படகு, அதே ஆறு பெண்கள். காலையில் குளிர் என்பதாலா? அவன் ஒருநாள் ஆறு மணிக்கே எழுந்து, பனியில் நனைந்த மோட்டாரை டிரம்மில் மாட்டி ஓட்டினான். மோட்டார் நன்றாக ஓடியது. தெருதான் எழுந்து வந்து திட்டியது. பெண்கள் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், சாயங்காலம் பசியோடு திரும்புகிறார்கள், அந்த எடை வித்தியாசமாக இருக்குமோ என்றுகூட யோசித்துவிட்டான். புத்தி குழம்பினால் இப்படித்தான், எட்டும் இரண்டும் எவ்வளவு என்றுகூட இரண்டு பேரிடம் கேட்கத் தோன்றும்.

பக்கத்துக் கொட்டகை வெல்டருக்கு இதில் சந்தேகமே இல்லை. "உன் கை பட்டா ஓடுது, உன் மாமியார் கை பட்டா நிக்குது. மோட்டாருக்கே மாமியார் மருமகன் விவகாரம் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

நிற்பதற்கு முன்னால் மோட்டார் என்ன சத்தம் போடுகிறது என்று தெரிந்தால் போதும், பாதி நோய் பிடிபட்டுவிடும். தும்மினால் பெட்ரோல் போதவில்லை, விக்கினால் பெட்ரோல் அதிகம். இது அவன் சொந்தமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் பாடம்.

"நிக்கிறதுக்கு முன்னாடி தும்முதா, விக்குதான்னு உங்கம்மாவைக் கேட்டுட்டு வா" என்று மனைவியை அனுப்பினான்.

திரும்பி வந்தவள், "கேட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"மாப்பிள்ளைக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு சொன்னாங்க."

"இது ஒரு பதிலா?"

"அவங்க பதில் அதுதான். வேணும்னா நீங்களே போய்க் கேளுங்க."

நேரே போய்க் கேட்பதாவது. அதற்குப் பதிலாக மறுநாள் காலை ஆற்றங்கரையில் போய் நின்றான். படகு போனது. நட்ட நடுவில் சத்தம் அடங்கியது. மாமியார் எழுந்து, குனிந்து, மோட்டாரிடம் ஏதோ செய்வது பொட்டாகத் தெரிந்தது. அப்புறம் கயிற்றை இழுத்தார், கிளம்பிவிட்டது. கண்ணெதிரே நின்றது, கண்ணெதிரே கிளம்பியது, ஒரு மண்ணும் புரியவில்லை. கரையோரமாகவே படகு போகிற திசையில் கொஞ்ச தூரம் நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்று நினைத்தார்கள்.

அதற்கப்புறம்தான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது. பதினெட்டு வருஷமாகத் தன் காதை நம்பி வேலை செய்தவன். கேட்டதெல்லாம் நிஜமாகவே கேட்டதுதானா, இல்லை கேட்டதாக நினைத்துக்கொண்டதா? மற்றவர்களின் மோட்டாரில் ஒரு தடவை திருகிய திருகை மூன்று தடவை தொட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் கையை எடுக்க மனம் வராது. வாடிக்கையாளர் ஒருவர், "என்னப்பா, பூட்டிட்டு வந்த வீட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்குற மாதிரி பாக்குற" என்று கேட்டே விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது மனைவி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மரக்கடைக்காரர் படகையும் மோட்டாரையும் சேர்த்து விலைக்குக் கேட்கிறார். அவரிடம் சொந்தமாக ஆள் இருக்கிறது, பார்த்துக்கொள்வார். ஆலைக்குப் போகும் பெண்களும் இனி ஒரு தடவை நேரமானால் பஸ்ஸுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"உங்கம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், பிடி குடுக்கல. கடைசியில ஒரு வார்த்தை சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை காலையில வெறும் படகுல போயிட்டு வர்றேன், நிக்காம போயிட்டு வந்தா என்னை விட்டுடணும், நடுவுல நின்னா துடுப்பை நானே அவர் கையில குடுத்துடறேன்னாங்க. சொன்னா சொன்னதுதான், உங்களுக்கே தெரியும்."

சாமான் போட்டு வைத்திருந்த பின்னறையை அவள் ஏற்கெனவே ஒழித்துப் பெருக்கியிருந்தாள். கட்டில் போட இடம்கூட அளந்தாகிவிட்டது. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் ஒரு முழத்தில் தெரியும். "ஆத்தைப் பாக்காம அங்க உக்காந்து நான் என்ன பண்ணுவேன்னு கேக்கறாங்க. வயசான காலத்துல ஆத்தைப் பாத்துத்தான் என்ன ஆகப்போகுது" என்றாள். அம்மாவின் மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. தினமும் காலையில் ஆற்றுப் பக்கம் காதை வைத்துக்கொண்டே கடை திறந்து, அவளுக்கும் அலுத்துவிட்டது.

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். படகு போனால் மோட்டாரும் போகும். மோட்டார் போனால் இந்தக் குழப்பமும் தீரும், மறுபடி நிம்மதியாகத் தூங்கலாம். அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது. லேசானதைக் கண்டு உடனே வெட்கமாகவும் இருந்தது.

"சரி" என்றான்.

எதற்குச் சரி என்று சொன்னான் என்று அவனிடம் கேட்டிருந்தால், அவனால் பதில் சொல்லியிருக்க முடியாது.

சனிக்கிழமை முழுக்க அந்த ஒரு மோட்டார்தான். பழைய கார்புரேட்டரையே திரும்ப மாட்டினான். அதன்மேல் இனி குற்றம் சொல்ல அவனிடம் எதுவும் மிச்சமில்லை. கார்புரேட்டரின் காற்றுத் திருகை மெதுவாக உள்ளே தட்டும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தான். டிரம்மில் மாட்டி, மோட்டார் சூடேறும்வரை காத்திருந்து, சத்தம் உச்சத்துக்குப் போகிற இடத்தைப் பிடித்து, அங்கிருந்து ஒரு நூல் அளவு பின்னால் வந்தான். அதுதான் சரியான இடம். காது சொன்னது. காதை நம்பலாமா என்று காதிடமே கேட்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்துத் துறைக்குத் தள்ளிக்கொண்டு போனான். மரக்கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, படகைக் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாமியார் மோட்டாரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகின் பின்பலகையில் தானே மாட்டினார். கேனிலிருந்து பெட்ரோலைத் தொட்டி தளும்பத் தளும்ப ஊற்றினார். எப்போதும் செய்வதுபோல எல்லாவற்றையும் மூடி, இறுக்கி, துணியால் துடைத்தார். மெக்கானிக் அதையெல்லாம் கவனிக்கவில்லை. துறைப் பலகைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதற்குள் கறுப்பாகத் தெரிந்த தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் வர்றேன்" என்றான்.

"நீங்களா?" என்றாள் மனைவி.

மாமியார் ஒரு கணம் அவனைப் பார்த்தார். "ஏறுங்க மாப்பிள்ளை" என்று கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவன் ஏறினான். ஏறினான் என்பதைவிட விழுந்தான் என்று சொல்லலாம். நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு பக்க விளிம்பையும் விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டான்.

ஒரே இழுப்பில் மோட்டார் கிளம்பியது. கரை நகர ஆரம்பித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டான். தகரத்தில் முட்டாமல், சுவரில் மோதாமல், திறந்த வெளியில் அந்த மோட்டார் ஓடுவதை அவன் கேட்பது அன்றைக்குத்தான். ஒரு குறையும் இல்லை. மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். நின்று தொலைக்காதே என்று மனசுக்குள் கெஞ்சினான். பின்னறைக் கட்டில் கண்ணுக்குள் வந்து போனது.

சத்தம் மெலிந்தது. மோட்டார் ஒரு தடவை தும்மியது. இன்னொரு தடவை தும்மியது. நின்றுவிட்டது.

படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, ஆற்றின் போக்கில் இறங்க ஆரம்பித்தது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுற்றிலும் தண்ணீர். அதைவிட, அந்தத் தும்மல். தும்மினால் பெட்ரோல் போதவில்லை. தொட்டியோ தளும்புகிறது, கார்புரேட்டரோ கண்ணாடியாக இருக்கிறது. பசியும் உண்டு, பானை நிறைய உணவும் உண்டு, நடுவில் எவன் தடுக்கிறான்?

மாமியார் பதறவில்லை. இது அவருக்குப் பழகிப்போன இடம். மோட்டார் பக்கம் குனிந்து தொட்டி மூடியைத் திருகித் திறந்தார். புஸ் என்று ஒரு சத்தம். வெளியே வருகிற சத்தம் இல்லை. காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். வெகுநேரம் மூச்சடக்கி இருந்தவர் மூச்சை இழுத்ததுபோல. அவன் கண்ணைத் திறந்தான்.

"பெட்ரோல் நிறைய இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாமியார் மூடியை இறுக்க மூடினார். பிறகு இடுப்பிலிருந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்து, மூடியின் நடுவில் இருந்த சுண்டுவிரல் நகம் அளவுத் திருகைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"திருகை இறுக்கறேன் மாப்பிள்ளை. நீங்க சொன்னதுதான்."

"நான் எப்ப சொன்னேன்?"

"மழைக்காலத்துல பெட்ரோல்ல தண்ணி கலந்துச்சுல்ல. இனிமே ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள போகக் கூடாது, எல்லாத்தையும் நல்லா இறுக்கி வைக்கணும்னு எம் பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பினீங்களே. அன்னையிலேருந்து ஒருநாள் தவறல. விரலுக்குச் சரியா இறுகலைன்னு பத்து நாள் கழிச்சுக் குறடுகூட இதுக்குன்னே வாங்கினேன்."

அந்தத் திருகு தொட்டியின் மூச்சுத் துவாரம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காமல் தொட்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தொட்டி தளும்ப இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, நாலே நிமிஷத்தில் திணறிவிடும். சாயங்காலம் தொட்டி பாதி காலி, உள்ளே இருக்கிற காற்றை வைத்தே கரை சேர்ந்துவிடும். ஒன்பது வருஷமாக அந்தத் திருகு துருப்பிடித்துத் திறந்தபடியே கிடந்தது; அது திரும்பும் என்பதே மாமியாருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் துருவை எடுத்து, எண்ணெய் விட்டு, விரலால் திரும்புகிற மாதிரி ஆக்கியவன் இந்த மகாராஜன்தான். காற்று புகாத புது வாஷரைப் போட்டவனும் இவனே. எல்லாவற்றையும் இறுக்கு என்று சொல்லி அனுப்பியவனும் இவனே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னோடு போகும்.

கொட்டகையில் ஏன் பிடிபடவில்லை என்பதும் இப்போது புரிந்தது. தூக்கிக்கொண்டு வரும்போது பெட்ரோல் சிந்தாமலிருக்க எல்லோரும் அந்தத் திருகை மூடித்தான் கொண்டு வருவார்கள். டிரம்மில் மாட்டியதும், இரும்போடு பழகி உரமேறிய அவன் கை தானாக அதைத் திறந்துவிடும், இருட்டறைக்குள் நுழைகிறவன் கை விளக்கைப் போடுவதுபோல. திறந்ததே அவனுக்குத் தெரியாது.

"நின்னா ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் திறந்து பாப்பீங்களா அத்தை?"

"ஆமா. பாத்துட்டு மூடினா கொஞ்ச நேரத்துல கிளம்பிடும். அதுக்கும் வயசாச்சு, இளைப்பாறுதுபோலன்னு நினைச்சேன்."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே மாப்பிள்ளை. நானா வந்து சொன்னா, உங்க வேலையில குறை சொல்ற மாதிரி ஆயிடும்." மாமியார் குறட்டை இடுப்பில் செருகினார். கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னொண்ணும் நினைச்சேன். அதையும் சொல்லிடறேன். எம் பொண்ணு ரூமெல்லாம் ஒழிச்சு வெச்சுட்டா. நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னைக் கரையேத்தணும்னுதான் மோட்டாரை இப்படி ஆக்கிக் குடுக்கறீங்களோன்னு. இவ்வளவு பெரிய வேலைக்காரருக்கு இந்தச் சின்ன மோட்டார் பிடிபடலைன்னா நான் வேற என்ன நினைக்கறது."

அப்படியெல்லாம் இல்லை அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தான். வியாழக்கிழமை சொன்ன சரி குறுக்கே வந்து நின்றது.

முழங்காலில் ஊர்ந்தே படகின் பின்பக்கம் போனான். படகு ஆடியது, ஆடட்டும். திருகைப் பிடித்து மூன்று சுற்றுத் திறந்துவிட்டான். கயிற்றை இழுத்தான். மோட்டார் பிடித்துக்கொண்டது. எதிர்க்கரைத் துறையைத் தொட்டுத் திரும்பினார்கள். போகவும் வரவும் அது ஒரு தும்மல் போடவில்லை.

திரும்பி வரும்போது, மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்தினான். "ஓடும்போது இந்தத் திருகு திறந்தே இருக்கணும் அத்தை."

மாமியார் திருகைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "அப்ப ரெண்டு மாசமா நான்தான் நிறுத்திக்கிட்டு இருந்தேனா?"

"இல்ல அத்தை, நான் சொன்னதாலதான்" என்றான். அவன் டியூன் செய்த மோட்டார் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அவன் பேச்சை விழுங்கிவிட்டது. மாமியார் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார்.

துறையில் மரக்கடைக்காரர் முதல் ஆளாக இறங்கி வந்தார். "நடுவுல சத்தமே கேக்கலையேம்மா. நின்னுச்சா?"

மாமியார் கயிற்றைக் கட்டினார். படகிலிருந்து துடுப்பை எடுத்தார். ஈரத்தை முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினார்.

"நின்னுச்சு. மோட்டார் மேலயும் குத்தம் இல்ல, எங்க மாப்பிள்ளை மேலயும் குத்தம் இல்ல. என் கைதான் சரியில்ல. வெச்சுக்குங்க."

மரக்கடைக்காரர் கையை நீட்டுவதற்குள் மெக்கானிக் நடுவில் வந்தான்.

"நின்னுச்சு. நிறுத்தினது நான்" என்றான். "மூச்சு விடற திருகை இறுக்கச் சொல்லி நான்தான் சொல்லி அனுப்பினேன். ஓடும்போது திறக்கணும்னு சொல்லாம விட்டுட்டேன். நான் சொன்னபடி அவங்க செஞ்சாங்க. ரெண்டு மாசமா நான் கார்புரேட்டரைக் கழட்டிக் கழட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மரக்கடைக்காரர் சந்தோஷமாகத்தான் கேட்டார். "அப்ப மோட்டார் நல்ல மோட்டார்தானே?"

"மோட்டார் நல்லதுதான். மெக்கானிக்தான் சரியில்ல. படகு விக்கிறதா இல்ல."

இது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவும் என்று அவனுக்குத் தெரியும். டிரம் என்பதற்கு மேல் இன்னொரு பேரும் வைப்பார்கள். மனைவிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அம்மாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, படகை வித்துடலாம்னு வியாழக்கிழமை நான் கேட்டப்ப நீங்களும் சரின்னுதானே சொன்னீங்க?"

மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேன்" என்றான் அவன். மனைவியைப் பார்த்துச் சொல்லவில்லை. "மோட்டார் போய்த் தொலைஞ்சா போதும்னு சொல்லிட்டேன் அத்தை. நீங்க சந்தேகப்பட்டதுல பாதி நிஜம்."

மாமியார் நீட்டிய துடுப்பை மெல்லக் கீழே இறக்கினார். அதைப் படகுக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். "இவ வழியா வேணாம்."